முழுகாமல் இருக்கிறாயா?

ஆடிப்பூரத்துக்குத் திருவண்ணாமலையில் அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். அந்த ஊர் அம்மனின் பெயர் உண்ணாமுலை. குழந்தை வாய் வைத்து உண்ணாத முலையை உடையவள் என்று பொருள். அவளுடைய கோயிலில்தான் வளைகாப்பு! இந்த முரண்பாட்டைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கொடியேற்றி, நாள் குறித்து, உற்சவம் நடத்தி, சரம் சரமாகக் கண்ணாடி வளையல் சாற்றி, கடைசியில் அம்மன் சந்நிதிக்கு முன்னால் தீமிதியும் நடத்தி முடிக்கிறார்கள். ஒரு கர்ப்பத்தை இத்தனை பகிரங்கமாகக் கொண்டாட முடியுமானால் அது அம்மனுடையதாகத்தான் இருக்க முடியும். மனிதப் பெண்களின் விஷயம் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன்னால், அந்த உற்சவம் நடந்துகொண்டிருந்த வாரத்தில், நான் அதே ஊரில் ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கையின் பெண் வாழ்க்கைப்பட்டது திருவண்ணாமலையில். அவளுடைய பெயர் இங்கே வேண்டாம். வீட்டில் குட்டி என்று கூப்பிடுகிறோம். குட்டிக்குப் பித்தப்பையில் கற்கள். எண்ணெய்ப் பலகாரம் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் வலி வந்து துடித்துப் போவாள். மறுநாள் காலையில் அறுவை என்று நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வெளியூரில் உத்தியோகம்; இரவு வண்டியில் வருவதாக ஏற்பாடு. ஆகையால் துணைக்கு என் தங்கை, சம்பந்தியம்மாள், நான். எங்களைத் தவிர அந்தத் தாழ்வாரத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

ஓர் இளம் நர்ஸ் அட்டையும் காகிதமுமாக வந்தாள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று மளமளவென்று கேட்டாள். அதே வேகத்தில், அதே குரலில், "முழுகாம கிழுகாம இருக்கியா?" என்றாள்.

குட்டி வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மாள் பதில் சொல்லிவிட்டார்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லே சிஸ்டர். இருந்தா எங்களுக்குத் தெரியாதா?"

நர்ஸ் காகிதத்தில் "இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த பெஞ்சிக்குப் போய்விட்டாள். நான் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளை கேட்கக் கூடாத ஒன்று காதில் விழுந்துவிட்டால் பத்திரிகையைப் பிரிப்பதுதானே நம் வழக்கம்?

'இருந்தால் எங்களுக்குத் தெரியாதா?' என்று அந்த அம்மாள் சொன்னதில் சூது எதுவும் கிடையாது. அவருடைய மாமியார் காலத்தில் அது முழுக்க முழுக்க வாஸ்தவமான பேச்சு. நம்முடைய பாஷையே அதற்குச் சாட்சி. "முழுகாமல் இருக்கிறாள்" என்பது என்ன? மாதா மாதம் மூன்று நாள் ஒதுங்கி இருந்து, நாலாம் நாள் தலை முழுகுகிற பெண், இந்த மாதம் முழுகவில்லை. அவ்வளவுதான். கிணற்றடியில் நடந்த ஒரு காரியத்தை, அல்லது நடக்காத ஒரு காரியத்தை, அப்படியே எடுத்து வைத்த பேச்சு அது. "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்பதும் அதே கணக்குத்தான். பிறகு மசக்கை வரும். அதற்குப் பிறகு "வாயும் வயிறுமாக இருக்கிறாள்" என்பார்கள். அப்புறம் பிள்ளைத்தாய்ச்சி. கர்ப்பம் எத்தனையாவது மாதம் என்பதைச் சொல்லாமலே சொல்லும்படி வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் நம் பாட்டிமார்.

அந்தக் காலத்து வீட்டில் இதை மறைக்க முடியாது. கொல்லைப்புறத்தில் தனித் தட்டு, தனிப் பாய். இந்த மாதம் யார் அங்கே உட்கார்ந்தாள், யார் உட்காரவில்லை என்பது வீட்டுப் பெரியவளிலிருந்து துணி வெளுக்கிறவள் வரைக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த வழக்கத்தை நான் மெச்சவில்லை. அது ஒழிந்ததைப் பற்றி எனக்குக் கடுகளவும் வருத்தம் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு பதிவேடும் ஒழிந்து போயிற்று என்பதை நாம் கவனிக்கவில்லை. கணக்கு இன்று அவளுடைய மனத்தில் மட்டும் இருக்கிறது. வீட்டாரோ, இன்னும் தங்களிடம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது நேற்றோ முந்தாநாளோ தோன்றிய யோசனை அல்ல. சுசுருதர் தம்முடைய சம்ஹிதையில் இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் வாங்கும் சிகிச்சையைப் பற்றிச் சொல்லும்போது, யார் யாருக்கு அதைச் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறார். பாலர்கள், கிழவர்கள், பயந்தவர்கள், களைத்தவர்கள் என்று போகிற அந்த வரிசையில் கர்ப்பிணியும் இருக்கிறாள். வேது பிடித்து வியர்வை வரவழைக்கும் சிகிச்சைக்குச் சரகரும் கர்ப்பிணியை விலக்கியிருக்கிறார். விலக்க வேண்டுமானால் முதலில் தெரிய வேண்டும் அல்லவா? புதிதாகக் கர்ப்பம் தரித்தவளுக்கு என்னென்ன குறிகள் என்பதையும் சுசுருதர் எழுதி வைத்திருக்கிறார்: களைப்பு, சோர்வு, தாகம், தொடை தளர்ந்து போவது. வைத்தியர் கண்ணால் பார்த்து அறியக் கூடியவை இவற்றில் குறைவு. அவள் சொன்னால்தான் தெரியக் கூடியவை அதிகம்.

அதே நூலில் இன்னோர் இடமும் உண்டு. வயிற்றில் குழந்தை குறுக்கிட்டு மாட்டிக்கொண்டு, கருவியைப் பிரயோகித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், வைத்தியர் முதலில் 'அதிபதி'யிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அதன் பிறகு மிகுந்த ஜாக்கிரதையோடு இறங்க வேண்டும் என்கிறார் சுசுருதர். அதிபதி என்றால் அரசன் என்றும் சொல்லலாம், அவளுக்கு உடையவன் என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் அந்தப் பெண் இல்லை. தாழ்வாரத்தில் சம்பந்தியம்மாள் முந்திக்கொண்டு பதில் சொன்னதற்குப் பரம்பரை சற்று நீளம்.

வயிற்றைத் திறக்கும் வித்தை மேற்கே வளர்ந்த காலத்தில் இந்தச் சந்தேகம் வேறொரு வேஷத்தில் வந்தது. என் பாட்டி "கட்டியா, குட்டியா?" என்பாள். வயிறு பெருத்திருக்கிறது, உள்ளே இருப்பது என்ன?

1809-ஆம் வருஷம் அமெரிக்காவில் கென்டக்கி பிரதேசத்தில் ஜேன் கிராஃபோர்ட் என்ற ஒரு குடியானவப் பெண்மணிக்கு வயிறு கண்டபடி பெருத்தது. உள்ளூர் வைத்தியர்கள் கர்ப்பம் என்றார்கள். நாள் கடந்தும் பிரசவம் ஆகவில்லை. அறுபது மைல் தொலைவில் டான்வில் என்ற ஊரில் இருந்த எஃப்ரைம் மக்டவல் என்ற டாக்டரைப் பிரசவம் பார்ப்பதற்காகக் கூப்பிட்டார்கள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது குழந்தை இல்லை, கட்டி" என்று உள்ளதை உள்ளபடி அவளிடமே சொன்னார். இதுவரை யாரும் இதை வெட்டி எடுத்துப் பிழைத்ததில்லை, சம்மதமானால் என் ஊருக்கு வா என்றும் சொன்னார். அவள் குதிரை மேல் ஏறி, வயிற்றைச் சேணத்தின் மேல் தாங்கிக்கொண்டு, அறுபது மைலும் போனாள். கிறிஸ்துமஸ் தினத்தன்று அறுவை. மயக்க மருந்து என்பதே பிறக்காத காலம். அவள் தோத்திரப் பாட்டுக்களைச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள். மக்டவல் இருபத்தைந்து நிமிஷத்தில் காரியத்தை முடித்தார். கட்டியின் எடை 22½ பவுண்டு, ஏறக்குறைய பத்துக் கிலோ. ஐந்தாம் நாள் அவள் எழுந்து நின்று தன் படுக்கையைத் தானே சரிப்படுத்திக்கொண்டிருந்தாளாம். அதற்கு மேல் முப்பத்திரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள்.

வயிற்று ரண சிகிச்சையின் சரித்திரத்தில் முதல் பக்கம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கத்தி சம்பந்தமான பெருமை மக்டவலுக்கு உரியதுதான். எனக்கு என்னவோ அந்த மனிதர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் செய்த காரியம் பெரிதாகப் படுகிறது. கர்ப்பம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட ஒன்றை அவர் மறுபடி ஒரு தடவை சோதித்தார். சோதித்ததை அவளிடமே சொன்னார். அவளிடமே கேட்டார்.

நம் பக்கத்தில் கேட்பதற்கே வழி இல்லாமல் இருந்தது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே போனால் திண்டிவனம். 1890-களில் அங்கே ஓர் அமெரிக்கப் பாதிரி டாக்டரின் மகள், இடா ஸ்கடர், தாயைப் பார்த்துக்கொள்வதற்காக வந்து தங்கியிருந்தாள். ஒரே இரவில் மூன்று வீட்டார் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டி, தங்கள் மனைவிக்குப் பிரசவ வேதனை, வந்து உதவ வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றாள் இடா. அந்நிய ஆண்பிள்ளை எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதா என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பி உல்லாசமாக வாழ நினைத்திருந்த அந்தப் பெண், அந்த இரவுக்குப் பிறகு டாக்டருக்குப் படித்து 1900-இல் வேலூருக்கு வந்தாள். 1902-இல் நாற்பது படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி. 1918-இல் பெண்களுக்கு ஒரு வைத்தியப் பள்ளி. இன்றைக்கு வேலூரில் இருக்கும் பிரம்மாண்டமான ஆஸ்பத்திரிக்கு வித்து அதுதான்.

சென்னைப் பட்டணத்தில் இதற்குச் சற்று முன்பே ஒரு வெள்ளைக்காரப் பாரிஸ்டரின் மனைவி இதே காரியத்துக்காகப் புறப்பட்டிருந்தாள். மேரி ஷார்லீப் என்று பெயர். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதல் முதலாக நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவளும் ஒருத்தி. பிறகு லண்டன் சென்று பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் ஜாதி ஆசாரம் உள்ள பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்றே சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தாள். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். ஷார்லீப் பிற்காலத்தில் லண்டனில் வயிற்று ரண சிகிச்சையில் பெரிய பெயர் வாங்கினாள்.

கோஷா என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போது நமக்குச் சிரிப்பும் கோபமும் வருகின்றன. வர வேண்டியதுதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரிகளில் ஒரு திரை இருந்தது. திரைக்கு உள்ளே கேட்பவளும் பெண், பதில் சொல்பவளும் பெண். திரையை எடுத்தது நல்லது. அதற்குப் பதிலாக ஓர் அறையும் கதவும் வைத்திருக்க வேண்டும். அநேக இடங்களில் தாழ்வாரத்தைத்தான் வைத்தோம்.

அவளைக் கேட்காமலே தெரிந்துகொள்ள முடியுமா என்று மனிதன் வெகு காலமாக முயன்று வந்திருக்கிறான். மூவாயிரம் வருஷத்துக்கு முற்பட்ட எகிப்து நாட்டு வைத்திய ஏடு ஒன்றில் ஒரு பரீட்சை இருக்கிறது. பெண்ணின் சிறுநீரைக் கோதுமையின் மேலும் பார்லியின் மேலும் நாள்தோறும் ஊற்றி வந்தால், அவள் கர்ப்பவதியானால் தானியம் முளைக்கும், இல்லையானால் முளைக்காது. கல்யாண வீட்டுப் பாலிகையைப் போல! சிரிப்பதற்கு முன்னால் இதையும் கேளுங்கள்: 1963-இல் கெய்ரோவில் சில ஆராய்ச்சிக்காரர்கள் அதையே செய்து பார்த்தார்கள். கர்ப்பவதிகளின் நீர் ஊற்றியதில் நூற்றுக்கு எழுபது தடவை முளைத்தது. மற்றவர்களுடைய நீரில் முளைக்கவில்லை. மீதி முப்பதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அதற்குச் சரியான விடை 1927-28-இல் பெர்லினில் கிடைத்தது. ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இருவர், பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத சுண்டெலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றி, ஐந்து நாள் கழித்து அவற்றை அறுத்து முட்டைப்பையைப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் சுரக்கும் ஒரு ரசம் அந்தப் பையைப் பழுக்க வைத்திருக்கும். 1931-இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன் என்பவர் சுண்டெலிக்குப் பதில் முயலை வைத்து இரண்டே நாளில் விடை கண்டார். 'முயல் செத்தது' என்றால் கர்ப்பம் என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு வழக்கே உண்டாகிவிட்டது. உண்மையில் எந்த விடையானாலும் முயல் சாகத்தான் செய்தது. அறுத்தால்தானே பார்க்க முடியும்? அப்புறம் தென்னாப்பிரிக்காவில் ஹாக்பென்னும் அவரைத் தொடர்ந்தவர்களும் ஒரு தவளையைப் பிடித்தார்கள். ஊசி போட்டால் ஒரே நாளுக்குள் முட்டையிடும், சாக வேண்டியதில்லை, அடுத்த பெண்ணுக்கும் அதே தவளை. 1947-இல் அர்ஜென்டினாவில் கல்லி மைனினி ஆண் தேரை போதும் என்றார். இரண்டு மூன்று மணி நேரத்தில் விடை. நம் நாட்டுத் தேரையும் இதற்கு உதவும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளின் பின்கட்டில் தேரை வளர்த்தார்கள் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

1960-இல் ஸ்வீடனில் வீடே, கெம்ஸெல் என்ற இருவர் பிராணிகளுக்கெல்லாம் விடுதலை கொடுத்தார்கள். அந்த ரசத்தைச் சோதனைக் குழாயிலேயே கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் பெண்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சாதனமும் வந்துவிட்டது. இன்றைக்கு எந்த மருந்துக் கடையிலும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் ஓர் அட்டை கிடைக்கிறது. இரண்டு சிவப்புக் கோடு வந்தால் உண்டு. ஒரு கோடு என்றால் இல்லை, அல்லது இன்னும் காலம் போதவில்லை. இந்த 'அல்லது' முக்கியமானது. கரு தரித்து ஒரு வாரத்துக்குள் பார்த்தால் அட்டைக்கும் ஒன்றும் தெரியாது. கடைசியாக எப்போது ஆயிற்று என்ற தேதியை அவள் சொன்னால்தான் ஒற்றைக் கோட்டுக்கு என்ன பொருள் என்று டாக்டரால் சொல்ல முடியும். சுண்டெலி, முயல், தவளை, தேரை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, கடைசியில் அவள் வாயருகில்தான் வந்து நிற்கிறோம்.

இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கர்ப்பவதிக்கு அறுவையே ஆகாது என்பதில்லை. குடல்வால் பழுத்து வெடிக்கிற சமயத்தில் யாரும் நாள் பார்க்கமாட்டார்கள். கர்ப்பத்தோடு வைத்தே அறுத்து, தாயும் பிள்ளையும் சௌக்கியமாக வீடு திரும்புவது உண்டு. அவசரமில்லாத அறுவையைப் பிரசவத்துக்குப் பின்னால் தள்ளிப் போடுவார்கள். தள்ள முடியாததைக் கூடியவரை நடு மூன்று மாதத்தில் செய்வார்கள். எந்த மயக்க மருந்து, எந்த வலி மருந்து, எக்ஸ்ரே எடுக்கலாமா, எப்படிப் படுக்க வைப்பது என்று ஒவ்வொன்றும் மாறும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மேல் எக்ஸ்ரே படுவதால் பிற்பாடு அதற்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண்மணி 1956-இல் எழுதியபோது பெரிய டாக்டர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். இறந்த குழந்தைகளின் தாய்மார்களைத் தேடிக் கேள்வித்தாள் எடுத்துப் போய்க் கேட்டு அந்த உண்மையைக் கண்டுபிடித்தவள் அவள். தாய்மார்களுக்கு ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரித் தாள்கள் பிறகு அதை ஊர்ஜிதம் செய்தன.

நம் ராஜ்யத்தில் இந்தக் கேள்வியை அதிகமான பெண்களிடம் கேட்க வைத்தது குடும்பக் கட்டுப்பாடு. 1950-களின் கடைசியில், ஆர். ஏ. கோபாலசாமி ஐ.சி.எஸ். பிரதம காரியதரிசியாக இருந்த காலத்தில், சென்னை சர்க்கார் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 1951 ஜனத்தொகைக் கணக்கை நடத்தியவர் அவர். எண்ணிப் பார்த்துப் பயந்திருக்கலாம். அந்த நாளில் அறுவைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1975-77 நெருக்கடிக் காலத்தில் ஆண்களைப் பிடித்து இழுத்துப் போய் அறுத்த கதைக்குப் பிறகு, சுமை முழுவதும் பெண்கள் தலையில் இறங்கிற்று.

பிரசவம் ஆன கையோடு செய்கிற அறுவையில் நம் கேள்விக்கு வேலையில்லை. இடையில் வந்து செய்துகொள்கிறவளுக்கு, மாதவிடாய் ஆரம்பித்த ஏழு நாளுக்குள் செய்ய வேண்டும் என்று சர்க்கார் விதி. ஏற்கெனவே கரு தங்கியிருக்கவில்லை என்பதற்கு அந்தக் காலண்டர்தான் சாட்சி. தேதி தவறானால், அல்லது கேட்பவருடைய அவசரத்துக்காக அவள் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிட்டால், அறுவை முடிந்து சில மாதங்களில் வயிறு பேசும். வீட்டில் அவளுக்கு என்ன பேச்சு விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அரியானாவில் குர்காவ்ன் ஊரில் 1988-இல் இந்த அறுவை செய்துகொண்ட ஓர் ஏழைக் கூலிக்காரியின் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிற்று. ஏற்கெனவே ஏழு குழந்தைகள். அறுவைக்குப் பிறகு நாள் தள்ளிப் போனதும் அவளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள். கர்ப்பம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மறைக்க முடியாதபடி தெரிந்தபோது, அறுவை பலிக்கவில்லை, இனிக் கலைப்பதும் ஆபத்து என்றார்கள். ஒரு பக்கத்துக் குழாயை மட்டும் அடைத்திருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. 2000-ஆம் வருஷம் கோர்ட்டார் அவளுக்கு 54,000 ரூபாய் நஷ்ட ஈடு கிடைத்ததை உறுதி செய்தார்கள். தீர்ப்பில் குழாயைப் பற்றித்தான் பேச்செல்லாம். அவள் தன் வாயால் வந்து சொன்னதை 'இல்லை' என்று மாற்றி அனுப்பிய அந்த இரண்டு மாதம்தான் என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு இந்த அறுவையைச் செய்தார்கள். அந்த முகாமிலிருந்து திரும்பியவர்களில் பலர் இறந்தார்கள். சாவுக்குக் காரணங்கள் வேறு. ஆனால் 83 பேருக்குச் சில மணி என்றால், ஒவ்வொருத்தியிடமும் கேள்வி கேட்க எத்தனை விநாடி கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்திருந்த வழக்கில் 2016-இல் சுப்ரீம் கோர்ட் இந்த முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொல்லிற்று. சரிபார்ப்புத் தாள் அந்தந்த ஊர்ப் பாஷையில் இருக்க வேண்டும், அதை அவளுக்கு விளக்க வேண்டும், மனத்தை மாற்றிக்கொள்ள நினைத்தால் மாற்றிக்கொள்வதற்கு ஒரு மணி நேரமாவது விட வேண்டும் என்றும் சொல்லிற்று. ஒரு மணி நேரம்! யாரோ ஒரு நீதிபதி தாழ்வாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மற்ற தேசங்கள் ரொம்ப முன்னேறிவிட்டன என்று எண்ண வேண்டாம். 2008-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறுவைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க 19 அம்சம் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. எட்டு நகரங்களில் பரீட்சித்தார்கள். தில்லியும் அதில் ஒன்று. உயிர்ச் சேதத்தை வெகுவாகக் குறைத்த அருமையான தாள். அந்தப் பத்தொன்பதில் கர்ப்பம் இல்லை. அவரவர் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டார்கள். 2010-இல் இங்கிலாந்தில் நோயாளர் பாதுகாப்புக்கான சர்க்கார் நிறுவனம், அறுவைக்குச் சற்று முன்னால் கர்ப்பம் உண்டா என்று பார்த்து, கடைசிச் சரிபார்ப்பு நடக்கிற அந்தத் தாளிலேயே எழுத வேண்டும் என்று அவசரச் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. 2016-இல் அந்த நாட்டு வழிகாட்டி நூல் மறுபடி விவரமாகச் சொல்லிற்று: அறுவை நாளன்றே கேட்க வேண்டும், மனம் நோகாமல் கேட்க வேண்டும், எதற்குக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும், சந்தேகமானால் அவள் சம்மதத்தோடு பரிசோதிக்க வேண்டும், பேசியதை எழுதி வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு இந்தியாவிலேயே ஒழுங்கானவற்றில் ஒன்று. கிராம சுகாதார நர்ஸ் பதிந்துகொள்வாள். பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண் கொடுப்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் உள்ள உதவித் தொகை முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் பேசும். ஆனால் அவள் போய்ப் பதிந்த பிறகுதானே எண்? நாள் தள்ளி நாலு நாள், ஆறு நாள் ஆகி, சொல்லலாமா வேண்டாமா என்று தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாளே, அந்த நாட்களுக்கு எண் கிடையாது.

குட்டியும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஒரு வயதான நர்ஸ் பணி மாறி வந்தாள். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் எங்கள் கட்டிலண்டை நின்றாள். "இதை யார் சொன்னது?" என்று இளையவளைக் கேட்டாள்.

"அவங்க மாமியார்."

"வயித்திலே சுமக்கிறது மாமியாரா?"

பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்து, "பெரியவங்க எல்லாம் போய் ஒரு காபி சாப்பிட்டு வாங்க" என்றாள். அது வேண்டுகோள் போல இருந்ததே தவிர வேண்டுகோள் இல்லை. நாங்கள் போய்க் காபி சாப்பிட்டோம். திரும்பி வந்தபோது குட்டி அழுது முடித்திருந்தாள். கட்டிலின் மேல் இருந்த தாளில் "இல்லை" என்பதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ஒரு தேதியும், சோதனை முடிவும், மணியும், கையெழுத்தும் போட்டிருந்தது. அறுவை இல்லை, காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

என் தங்கை மூலம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம் இது. முந்தின வருஷம் குட்டிக்கு நாள் தள்ளிப் போன நாலாம் நாளே வீடு முழுவதும் தெரிந்து, தெருவுக்குத் தெரிந்து, ஊருக்குப் போன் போட்டுச் சொல்லி, இனிப்பும் வழங்கியாகிவிட்டது. ஒன்பதாம் வாரத்தில் கலைந்து போயிற்று. இனிப்பு வாங்கிக்கொண்ட அத்தனை பேரும் துக்கம் விசாரிக்கவும் வந்தார்கள். இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிற வரையில் கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லுவதில்லை என்று அவள் சங்கல்பம் செய்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை மேஜை மேல் ஏறிப் படுப்பதற்கு முன் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். தாழ்வாரத்தில், மாமியாருக்கு எதிரே, மாமாவுக்கு எதிரே, முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேருக்கு எதிரே அவளால் என்ன சொல்லியிருக்க முடியும்?

சம்பந்தியம்மாள் பாவம், இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் கோயிலுக்குப் போய் அம்மனுக்குச் சாற்றிய வளையலில் ஒரு ஜோடி வாங்கி வந்து மருமகள் கையில் கொடுத்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

நடுவில் ஒரு தடவை வலி வந்து பயமுறுத்திற்று. எண்ணெயை அடியோடு நிறுத்திப் பத்தியமாக இருந்து சமாளித்தாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. மறு புரட்டாசியில், மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே தாழ்வாரம். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. குழந்தை என் மடியில் இருந்தது. வயதான நர்ஸ் அட்டையோடு வந்து, சர்க்கரை, ஆஸ்துமா எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "வாம்மா, உள்ளே போய்ப் பேசலாம்" என்றாள்.

"இப்பவுமா கேட்கணும், சிஸ்டர்? பால் குடிக்கிற குழந்தை இருக்கே!" என்றாள் என் தங்கை.

"பால் குடிக்கிற குழந்தை இருந்தா அடுத்தது வராதுன்னு யாரும்மா சொன்னது?" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் குட்டியை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். சம்பந்தியம்மாள் குழந்தையின் கையிலிருந்த கருவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன்.